அம்மிக்கல் வந்த வழி

வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ் மக்களாகிய நம்மிடையே ஒரு வழக்கம் உண்டு. நெடுஞ்சாலையில் செல்லுங்கால், எதிர்ப்படும் லாரிகளின் எண் பலகைகளைக் கண்கள் தாமாகவே தேடிச் செல்லும். டி.என். 28 என்றால் நாமக்கல். 34 என்றால் திருச்செங்கோடு. 52 என்றால் சங்ககிரி. நாகபுரிக்கு அப்பால், ஒரு தமிழெழுத்தும் காணக் கிடைக்காத இடத்தில், லாரியின் நெற்றியிலே 'முருகன் துணை' என்ற சொற்களையும், அவற்றின் கீழே இரண்டு குழந்தைகளின் பெயர்களையும் கண்டுவிட்டால், உறவினரைக் கண்டாற்போன்ற மகிழ்ச்சி உண்டாகிறது. வண்டி கடந்து போய்விடும்; நாமும் நம் வழியே போய்விடுவோம். அதனுள்ளே அமர்ந்து ஓட்டிச் செல்பவர் யார், எத்தனை நாட்களாக வீட்டைப் பிரிந்திருக்கிறார், எங்கே உண்டு எங்கே உறங்குகிறார் என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. நாமும் நெடுங்காலம் எண்ணிப் பார்த்ததில்லை. 2019ஆம் ஆண்டில் ஓர் அம்மிக்கல்தான் நம்மை எண்ண வைத்தது.

தில்லியில் நம் அடுத்த வீட்டில் வசிக்கும் அம்மையார் இராசிபுரத்தைச் சேர்ந்தவர். அவருடைய தாயார் காலமான பின்னர் வீட்டுப் பொருள்களைப் பங்கிட்டபோது, உடன்பிறந்தோர் நகைகளையும் பாத்திரங்களையும் எடுத்துக்கொள்ள, இவர் தாயார் அரைத்துவந்த அம்மியையும் குழவியையும் கேட்டு வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டாரே தவிர, அதைத் தில்லிக்குக் கொண்டுவருவது எவ்வாறு? கல் முப்பது கிலோவுக்குக் குறையாது. அத்தெருவிலேயே லாரி ஓட்டுநர் ஒருவர் இருந்தார். அவர் இந்தூருக்கு ஜவ்வரிசி ஏற்றிச் செல்லவிருந்தார். "இந்தூர்ல இறக்கிட்டா டெல்லிக்கு லோடு கிடைச்சுருமுங்க அக்கா. பத்தே நாள்ல கல்லு உங்க ஊட்டு வாசல்ல இருக்கும்" என்று அவர் வாக்களித்தார். மே மாத முதல் வாரத்தில் கல் புறப்பட்டது. அது வந்து சேர்ந்தது நாற்பத்து மூன்றாம் நாள்.

இத்தாமதத்துக்குக் காரணம் அவருடைய சோம்பலன்று. லாரித் தொழிலின் இயல்பே அது. சேலம், நாமக்கல் பகுதிகளில் விளையும் மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுக்கப்படும் ஜவ்வரிசியை நாம் பாயசத்துக்கு எப்பொழுதேனும் ஒரு பிடி வாங்குகிறோம். மகாராஷ்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலுமோ அது நோன்பு நாளின் முக்கிய உணவு. ஆகவே அங்கே செல்லும் சரக்குக்குக் குறைவில்லை. (சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் 2023இல் கிடைத்தது.) போகும் சுமை கையிலிருக்கிறது, திரும்பும் சுமைதான் தேட வேண்டியது. வெறும் வண்டியை 1,600 கிலோமீட்டர் ஓட்டி வந்தால் டீசலுக்கும் சுங்கச் சாவடிக்கும் கொடுத்து உரிமையாளர் கடனாளியாவார். ஆதலால் ஓட்டுநர் அவ்வூர் லாரி புரோக்கரிடம் சென்று காத்திருக்க வேண்டும். எந்த ஊருக்குச் சுமை கிடைக்கிறதோ, அதுவே அவர் போகும் ஊர். வண்டி ஓடினால்தான் அவருக்குப் படி. நின்றால் அதுவும் நின்றுவிடும்.

இந்தூரில் நான்கு நாட்கள் காத்திருந்தும் தில்லிக்குச் சுமை கிடைக்கவில்லை. கொல்கத்தாவுக்குச் சோயாப் புண்ணாக்கு கிடைத்தது. கொல்கத்தாவில் கிடைத்ததோ கௌஹாத்திக்கு மளிகைச் சரக்கு. இவ்வளவு நாளும் அம்மையார் தொலைபேசியில் விசாரித்துக்கொண்டே இருந்தார். பதிலை நமக்கும் வந்து தெரிவிப்பார்.

"கல்லு கொல்கத்தாவுல இருக்குதுங்க அக்கா. நல்லா இருக்குதுங்க."

"தில்லின்னு சொன்னியேப்பா?"

"அடுத்ததா டெல்லிதானுங்க. நடுவுல ஒரே ஒரு கௌஹாத்தி."

காமாக்கியா தேவியைத் தரிசிக்க வேண்டுமென்று பல ஆண்டுகளாக விரும்பியும் அம்மையாருக்கு அது வாய்க்கவில்லை. தம் அம்மிக்கல் தமக்கு முன்னே அவ்வூர் போய்ச் சேர்ந்ததைக் கேட்டுச் சினம் கொள்வதா, சிரிப்பதா என்று அறியாமல் அன்று அவர் தவித்தது நம் கண்முன் நிற்கிறது.

இதற்கிடையே லாரியினுள்ளும் ஒரு சிக்கல். கல்லைச் சரக்கோடு சேர்த்து வைத்தால் இறக்குமிடத்தில் தவறிப்போகலாம் என்று, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உறங்குவதற்காக உள்ள பலகையின் ஓரத்திலேயே அதை வைத்திருந்தார்கள். கால் நீட்டினால் அம்மியின்மேல் படுகிறது. அரைக்கும் கல் அன்னலட்சுமி அன்றோ? காலால் தீண்டலாகாது என்றார் கிளீனர். திருமணத்தில் மணமகள் அம்மி மிதிப்பதை ஓட்டுநர் எடுத்துக் காட்டினாராம். "அது ஒருக்கா மிதிக்கறதுக்குங்க. தெனமும் மிதிக்கச் சொல்லலீங்க" என்று கிளீனர் மறுத்துரைத்தார். இதற்கு மறுமொழி சொல்லக்கூடிய சாஸ்திரிகள் கொல்கத்தாச் சாலையில் எவரும் அகப்படாமையால், இருவரும் தலைமாட்டைக் கால்மாடாக மாற்றிக்கொண்டு, கல்லுக்கு அருகே தலைவைத்து உறங்கினார்கள். தலைமாட்டுக்கு வந்த பின்னர் வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு மஞ்சளும் குங்குமமும் வைப்பது தானாகவே வழக்கமாயிற்று.

அக்குங்குமம் ஒரு நாள் உதவிற்று. வடகிழக்கே செல்லும் வழியில், நள்ளிரவில், காவலர் ஒருவர் வண்டியை நிறுத்தி ஓட்டுநர் அறையை விளக்கடித்துப் பார்த்தார். பொட்டிட்ட கருங்கல்லொன்று, அருகே குழவி, முன்னே வாடிய ஒரு முழம் பூ. "இது என்ன?" என்று இந்தியில் வினவினார். அம்மி என்பதற்கு இந்திச் சொல் ஓட்டுநருக்குத் தெரியாது. தெரிந்த ஒரே சொல்லைச் சொன்னார்: "மா." அம்மையாரின் தாயாருடையது என்பது அவர் கருத்து. காவலர் தொப்பியைக் கழற்றிக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பத்து ரூபாய்த் தாளொன்றையும் குழவியின் அடியில் வைத்து, 'போய் வாருங்கள்' என்று கையசைத்துவிட்டாராம். காவலரிடம் பணம் பெற்றுத் திரும்பிய லாரி ஓட்டுநர் தம்மைத் தவிர வேறெவரும் இருக்க முடியாது என்று அவர் இன்றும் பெருமை பேசுகிறார். அத்தாளை அவர் செலவழிக்கவில்லை.

கௌஹாத்தியில் தேயிலை ஏற்றிக்கொண்டு கல் ஒருவாறு தில்லியை நோக்கித் திரும்பிற்று. நேர்வழியில் வந்திருந்தால் ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். வந்த வழியோ 6,000 கிலோமீட்டருக்கு மேல். முற்காலத்தில் இப்பயணத்துக்கு இன்னும் அதிக நாட்கள் பிடித்திருக்கும். மாநிலத்துக்கு மாநிலம் வரிச் சோதனைச் சாவடிகள் இருந்தன. கேரள எல்லையிலுள்ள வாளையாற்றில் லாரிகள் வரிசை வரிசையாக நின்ற காட்சியை அவ்வழி சென்றவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2017 ஜூலை முதல் நாள் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் அச்சாவடிகள் எடுக்கப்பட்டன. 2021 பிப்ரவரியில் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிகளில் 'பாஸ்டேக்' வில்லை கட்டாயமாக்கப்பட்டபின், சில்லறைக்காக வாதிட்டு நிற்பதும் பெரும்பாலும் ஒழிந்தது. ஆயினும் நகர வாயிலில் காத்திருப்பது ஒழியவில்லை. தில்லி போன்ற பெருநகரங்களில் பகலின் நெரிசல் மிக்க வேளைகளில் பெரிய லாரிகள் நுழையத் தடையுண்டு. ஊரைக் கண்ணால் கண்டுகொண்டே வெயிலில் நிற்க வேண்டும்.

ஜூன் மாதத்தில் ஓரிரவு பதினொரு மணிக்கு மேல் தொலைபேசி அழைத்தது. வடமேற்குத் தில்லியிலுள்ள சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகருக்கு நாமும் அம்மையாரும் ஆட்டோவில் சென்றோம். நூற்றுக்கணக்கான லாரிகள், டயர்க் கடைகள், கயிற்றுக் கட்டில்களில் உறங்கும் மனிதர்கள், நள்ளிரவிலும் வாணலியில் கொதிக்கும் எண்ணெய். டி.என். 28ஐக் கண்டுபிடிக்க அரை மணி நேரமாயிற்று. ஓட்டுநர் கல்லைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக் கொண்டுவந்து ஆட்டோவில் வைத்தார். ஆட்டோ ஒருபுறம் சாய்ந்தது. ஆட்டோக்காரர் கல்லையும் நம்மையும் மாறி மாறிப் பார்த்து, தில்லியில் கல்லே கிடைக்காதா என்று கேட்டார்.

அம்மையார் நாற்பத்து மூன்று நாள் கோபத்தையும் சேர்த்து வைத்திருந்தார். "பத்து நாள்னு சொன்னியேப்பா, பாப்பாவுக்குக் காது குத்துன்னா இப்படித்தான் பண்ணுவியா?" என்று ஏதோ பேச்சுக்குக் கேட்டுவிட்டார். ஓட்டுநர் சிரித்தார். "காது குத்துதானுங்க அக்கா. மே மாசம் வெச்சிருந்தோம். நான் வரலைன்னு தள்ளி வெச்சாங்க. மறுக்காவும் தள்ளி வெச்சிருக்காங்க" என்றார்.

கல் வீட்டைப் பிரிந்திருந்த அத்தனை நாட்களும் அவரும் வீட்டைப் பிரிந்திருந்தார் என்பது அப்பொழுதுதான் நமக்கு உறைத்தது. கல் எங்கே என்று ஆறு முறை கேட்டிருக்கிறோம். அவர் எப்படி இருக்கிறார் என்று ஒரு முறை கேட்டிருக்கலாம். திரும்பும்போது அம்மையார் ஒரு சொல்லும் பேசவில்லை. கூலியாக அவர் நீட்டிய பணத்தை ஓட்டுநர் வாங்க மறுத்துவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் காலையில், இட்டிலியும், அவ்வம்மியிலேயே அரைத்த தேங்காய்த் துவையலும் எடுத்துக்கொண்டு மறுபடியும் சென்றோம். தெற்கே திரும்ப இன்னும் சுமை கிடைத்திருக்கவில்லை. ஓட்டுநரும் கிளீனரும் வண்டியின் நிழலில் அமர்ந்திருந்தார்கள். அருகே அவர்களுடைய மண்ணெண்ணெய் அடுப்பு, குக்கர், அரிசிச் சாக்கு, சாம்பார்ப் பொடி டப்பா. நம் பக்கத்து ஓட்டுநர்கள் வடக்கே தாபாக்களில் உண்பது குறைவு. சாலையோரம் வண்டியை நிறுத்தித் தாமே சமைத்துக்கொள்வார்கள். சிக்கனம் ஒரு காரணம். சோறு மற்றொரு காரணம். இவ்வடுப்பின் அருமை மறு ஆண்டிலேதான் நன்கு விளங்கிற்று. 2020 மார்ச் 25இல் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது, தாபாக்கள் மூடிக் கிடக்க, ஓட்டுநர்கள் உணவின்றித் தவித்தார்கள். நம்மவர் அப்பொழுது தெலங்கானாவில் ஒரு சாலையோரத்தில் சரக்கை இறக்க ஆளில்லாமல் நின்றுவிட்டார். பக்கத்தில் பஞ்சாப் லாரியொன்று. அதன் ஓட்டுநர் முதியவர், சமைக்க அறியாதவர். பதினோரு நாட்கள் அவருக்கும் சேர்த்து உலை வைத்தார்கள். ரசத்தை அம்முதியவர் குவளையில் வாங்கித் தேநீர்போல் ஊதி ஊதிக் குடித்து, இத்தேநீருக்குச் சர்க்கரை போட மறந்துவிட்டீர்கள் என்று நாள்தோறும் சொல்வாராம். சுற்றியிருந்த கிராமத்தார் தக்காளியும் மோரும் கொண்டுவந்து கொடுத்தார்களாம். இதெல்லாம் பின்னர் தொலைபேசியில் கேட்டது.

இட்டிலி உண்டுகொண்டே ஓட்டுநர் தமது முதல் வடநாட்டுப் பயணத்தைச் சொன்னார். அவருக்கு அப்பொழுது இருபத்திரண்டு வயது. கைப்பேசியில் வழி பார்க்கும் வசதி வராத காலம். மூத்த ஓட்டுநர் காய்ச்சலில் படுத்துவிட்டார். ஜான்சிக்குப் போக வேண்டும். சிவனி என்ற ஊரில் வண்டியை நிறுத்தி, "ஜான்சி?" என்று கேட்டார். "சீதா ஜாவோ" என்றார்கள். இந்தியில் 'நேரே போங்கள்' என்பது இதன் பொருள். இவரோ சீதா என்பது வழியிலுள்ள ஓர் ஊர் என்று கருதிவிட்டார். அதன்பின் ஜான்சியை மறந்து, ஒவ்வொரு கூட்டுச் சாலையிலும் "சீதா?" என்று கேட்டார். ஒவ்வொருவரும் முன்னே கை காட்டி, "ஹாங், சீதா, சீதா" என்றார்கள். நர்மதையைக் கடந்தார், சாகர் நகரைக் கடந்தார். "சாயங்காலம் வரைக்கும் ஓட்டியும் அந்தச் சீதா ஊரு வரவேயில்லீங்க. நடுவுல ஜான்சிதான் வந்துருச்சு."

ஊர்ப் பெயர் தவறு. போன வழி சரி. இருபது ஆண்டுகளாக மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பேறு ஒரு நாளும் வாய்த்ததில்லை. நமக்குச் சொற்கள் யாவும் சரியாக இருக்கும், வழிதான் தவறும்.

இதைக் கேட்டு நாம் வாய்விட்டுச் சிரித்ததும் ஓட்டுநர், "சார் மொழிபெயர்ப்பு ஆபீசுங்களா? அப்படின்னா ஓர் உதவி செய்யுங்க" என்றார். அவர் கேட்டது பணமுமன்று, சிபாரிசுமன்று. இந்தியில் ஒரு வரி எழுதித் தரவேண்டும். உறங்கும்போது அதை முன்கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். இரவெல்லாம் ஓட்டிவிட்டுச் சாலையோரம் சற்றே கண்ணயர்ந்தால், இடம் கேட்பவர், வழி கேட்பவர், தேநீர் விற்பவர், வாடகை பேசுபவர் என்று ஆளுக்கொரு முறை கதவைத் தட்டுகிறார்கள். மறுபடி ஓட்டும்போது கண் செருகுகிறது. "ரெண்டு மணி நேரம் உட்டாங்கன்னா போதுமுங்க. ஊருக்கு முழுசாப் போயிருவேன்" என்றார்.

1961ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வேலையென்றும், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கலாகாது, இடையே அரை மணியேனும் ஓய்வு வேண்டும் என்றும் விதித்தது. ஏட்டில் இருந்த அவ்வோய்வு சாலைக்கு வந்து சேரவில்லை. உறங்கும் இடமும் அத்தகையதே. 2025இல், புதிதாக உற்பத்தியாகும் பெரிய சரக்கு லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமாக்கப்பட்டது. அன்று அவ்வண்டியில் இருந்ததோ கையகல மின்விசிறியொன்று. ஜூன் மாதத் தில்லி வெயிலில் அது வெப்பத்தைப் பங்கிட்டுக் கொடுத்ததேயன்றிக் குறைக்கவில்லை.

அட்டையொன்றை எடுத்து, பேனாவைத் திறந்து, நம் புலமை முழுவதையும் கூட்டி, "க்ருபயா சாலக் கே விஷ்ராம் மேன் வ்யவதான் ந டாலேன்" என்று தேவநாகரியில் அழகுற எழுதிக் கொடுத்தோம். அடுத்த லாரியிலிருந்து அரியானா ஓட்டுநர் ஒருவர் இறங்கி வந்து இட்டிலியில் பங்கு கொண்டிருந்தார். அவர் அட்டையை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, இது எந்த நீதிமன்றத்திலிருந்து வந்தது, அபராதம் எவ்வளவு என்று கவலையோடு கேட்டார். நாம் விளக்கினோம். அவர் சிரித்து, அட்டையைத் திருப்பி, பின்புறத்தில் மூன்றே சொற்களைப் பெரிதாக எழுதினார்: "பாயீ, ஸோனே தே." தம்பி, தூங்க விடு என்பது பொருள். அதுவே கண்ணாடியில் ஏறிற்று.

பின்னர் அவரும் தமக்கோர் அட்டை வேண்டுமென்றார். மறு வாரம் கோயம்புத்தூருக்கு மோட்டார் உதிரிப் பாகங்கள் ஏற்றிச் செல்லவிருந்தார். ஆகவே தமிழில் வேண்டும். இழந்த மதிப்பை மீட்க நல்ல வாய்ப்பென்று எண்ணி, "ஓட்டுநர் ஓய்வில் உள்ளார், இடையூறு செய்தல் ஆகாது" என்று எழுதினோம். இம்முறை இராசிபுரத்து ஓட்டுநர் அதை வாங்கிப் பார்த்தார். சற்றுத் தயங்கினார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். இதைப் பார்த்தா ஆளு போய்ச் சேர்ந்துட்டாருன்னு மாலை கொண்டாந்து போட்டுருவாங்க."

பேனாவை அவரிடமே கொடுத்துவிட்டோம். அவர் அட்டையைத் திருப்பி, முழங்காலில் வைத்து, மெல்ல எழுதினார்: "அண்ணா, கொஞ்சம் தூங்கிக்கறனுங்க." அரியானாக்காரர் அதை எப்படிச் சொல்வதென்று கேட்டு, நான்கைந்து முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, பசை தடவித் தம் வண்டியின் கண்ணாடியில் ஒட்டினார். தலைகீழாக ஒட்டியிருந்தார். கிளீனர் ஏறிச் சென்று அதை நேராக்கினார்.